20 மில்லிகிராம் சுத்தம்

அப்புத்தளையில் கோச்சியை விட்டு இறங்கி, தம்பேதென்னைத் தோட்டத்துப் பாதையில் ஏறினால் லிப்டன் சீட் வரும். விடியற்காலையிலேயே ஆட்டோக்காரர்கள் வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறப்பார்கள். மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. கிளாஸ்கோ மளிகைக் கடைக்காரர் தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடம் அது. இன்றைக்கும் சிலையாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பாட்டன் பாட்டிமாரும் அதே மலைகளைத்தான் பார்த்தார்கள், நின்றுகொண்டு. முதுகில் கூடை இருக்கும்போது உட்கார வசதிப்படாது. இதில் துரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோப்பி நோயில் அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடந்த 1890-ல் அவர் இலங்கைக்கு வந்தார், வாங்கினார், தம்பேதென்னையில் தேயிலை ஸ்டோர் கட்டினார். அந்தப் பெயர் பிற்காலத்தில் யுனிலீவர் என்ற பெரிய வீட்டுக்குள் போனது. 2022-ல் தேயிலை வியாபாரத்தை விற்றுக் கைகழுவும் வரைக்கும் லிப்டன் அந்த வீட்டுப் பிள்ளை. ஆகவே ஊவாக்காரர்களுக்கு யுனிலீவர் அந்நியமில்லை, சொந்தம்தான். சொந்தக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் மலையில் செய்த திருப்பணியைப் பற்றி இத்தனை வருஷமாக நாங்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. இன்றைக்கு அதைத் தீர்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். வாசலினும் முகப்பவுடரும் விற்ற சீஸ்பரோ-பொண்ட்ஸ் கம்பனிக்கு அங்கே ஒரு தெர்மோமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் ஆகாத சாமான் என்ற பேச்சு அந்த நாட்டில் வலுத்துவந்த காலம். 1980-களின் தொடக்கத்தில் அந்த இயந்திரங்களைக் கழற்றி, கப்பலேற்றி, கொடைக்கானலில் கொண்டுவந்து பூட்டினார்கள். தனக்கு ஆகாததை அடுத்தவனுக்குக் கொடுப்பது எல்லோரும் செய்வது. ஆனால் அதை 2,000 மீற்றருக்கு மேல் தூக்கிக்கொண்டு போய், சோலைக்காட்டை ஒட்டிய ஒரு முகட்டில், கீழே பாம்பாறு ஓடும் இடமாகப் பார்த்து வைப்பதற்கு ஒரு ரசனை வேண்டும். 1987-ல் சீஸ்பரோ-பொண்ட்ஸை யுனிலீவர் வாங்கியது. 1998-ல் பொண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவரோடு சேர்ந்தது. சீதனம் மாதிரி தொழிற்சாலையும் கூடவே வந்தது.

கணக்கு அழகான கணக்கு. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும், செய்து முடித்த தெர்மோமீட்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போகும். மலையில் நிற்பது உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும் மட்டும். நல்ல கொழுந்தெல்லாம் லண்டன் ஏலத்துக்குப் போய், ஸ்டோர் தரையில் கூட்டிய தூள் லயத்துக்கு வந்த முறை தெரிந்தவர்களுக்கு இந்தப் பங்கீட்டில் ஒரு குடும்பச் சாடை தெரியும்.

உள்ளே நடந்த வேலையைப் பழைய தொழிலாளர்கள் சொல்லக் கேட்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்புவது, சூடாக்குவது, அடைப்பது, அளவு குறிப்பது. குழாய் உடையும், பாதரசம் சிந்தும். தரையில் மணிமணியாக ஓடுவதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள். வேலை முடிந்து போகும்போது முடியிலும் துணியிலும் அந்த வெள்ளி மணிகள் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். தொழிற்சாலைச் சாமானைத் தொழிலாளி வெளியே கொண்டுபோகாமல் வாசலில் தடவிப் பார்க்கிற துரைமாரைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். தேயிலைத் தூள் ஒரு பிடி மடியில் இருந்தால் அடுத்த நாள் வேலை இல்லை. இந்தக் கம்பனியோ விலையுயர்ந்த உலோகத்தைத் தொழிலாளியின் தலைமுடி வழியாக அவன் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியது. இந்த மாதிரிக் கைதாராளம் எங்கள் தோட்டங்களில் இல்லை.

பாதரசத்தைப் பற்றிப் பயங்காட்டி அவர்களின் நிம்மதியைக் கெடுக்கவும் இல்லை. அது சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கை நடுங்கும், ஞாபகம் தவறும், ஈறு வீங்கும். இதையெல்லாம் படித்துக்கொண்டு ஒருவன் மெஷினுக்கு முன்னால் நின்றால் வேலை ஓடுமா? எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் தெர்மோமீட்டர் கீழே விழுந்து உடைந்தால் நாங்கள் பிள்ளைகள் ஓடிப்போய் அந்த மணிகளை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றோடொன்று சேர்த்து விளையாடுவோம். மருந்தையா அதட்டுவது கண்ணாடி குத்தும் என்பதற்காகத்தான். அறியாமையின் சுகம் எங்களுக்கும் தெரிந்ததுதான். அதை ஒரு தொழிற்சாலை முழுவதற்கும், பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு, ஷிப்ட் போட்டு வழங்கியதுதான் கம்பனியின் சாதனை.

2001 மார்ச் 7-ஆம் திகதி இந்தச் சுகம் கெட்டது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், சந்தடி மிகுந்த இடத்தில், ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 தொன் உடைந்த கண்ணாடி பாதரசத்தோடு கிடப்பதை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புச் சபைக்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் கண்டுபிடித்தார்கள். கிழிந்த சாக்குகள். பழைய தொழிலாளர்கள் உட்பட நானூறு பேருக்கு மேல் தொழிற்சாலை வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். சின்ன விஷயத்துக்கு எவ்வளவு பெரிய கூட்டம்! கழிவைக்கூட வீணாக்காமல் விலைக்குக் கொடுத்த சிக்கனத்தை ஒருவரும் மெச்சவில்லை. உலகம் முழுக்கச் சவர்க்காரம் விற்கிற கம்பனி பழைய இரும்புக்காரன் தரும் நாலு காசையும் விடவில்லை என்றால், பணம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? கம்பனி அந்த மாதமே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பதினேழு வருஷம் ஓடிய தொழிற்சாலை சில நாட்களில் மூடப்பட்டதிலிருந்தே தெரிகிறது, மூடுவது எவ்வளவு சுலபமான காரியம் என்று.

அடுத்தது விசாரணை. எங்கள் நாட்டில் தோட்டத்துத் தண்ணீர் கெட்டால் சுகாதாரப் பரிசோதகருக்குப் பெட்டிசம் போட்டு, பிரதேச சபைக்கு நடந்து, சுற்றாடல் அதிகார சபைக்காரர் ஜீப்பில் வந்து ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துப் போவதற்குள் மழைக்காலம் மாறிவிடும். கொடைக்கானலில் அந்த அலைச்சல் இல்லை. மண்ணைக் கெடுத்தவர்களே ஆலோசகர்களை அமர்த்தி, சம்பளம் கொடுத்து, எவ்வளவு கெட்டது என்று சொல்லச் சொன்னார்கள். திருட்டுப் போன வீட்டுக்காரனுக்கு வீண் அலைச்சல் வைக்காமல் திருடனே பட்டியல் எழுதிக் கொடுத்த மாதிரி என்று சிலர் பேசினார்கள். அது பொல்லாத நாக்கு. அந்த ஆலோசகர்களின் கணக்கே நூற்றுக்கணக்கான கிலோ பாதரசம் வெளியே போனதாகத்தான் காட்டியது. கம்பனியின் நேர்மையைப் பாருங்கள். அந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு, காட்டுக்கோ ஊருக்கோ ஒரு கெடுதலும் இல்லை, மதிலுக்குள்ளே சில இடங்களில் மட்டும் மண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றும் சொல்ல அதற்கு மனம் இருந்தது.

இந்திய அணுசக்தித் துறையின் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. மரத்துப் பாசியிலும் கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாக 2006-ல் எழுதினார்கள். ஏரி தொழிற்சாலைக்குக் கீழே இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது. காற்றில் ஏறி அங்கே போயிருக்கிறது. மதிலுக்குள் இருக்கச் சொன்னதைப் பாதரசம் கேட்கவில்லை என்றால் அது பாதரசத்தின் ஒழுக்கக்கேடு, கம்பனி அதற்கு என்ன செய்யும்? பாம்பாறோ இன்னும் அடங்காதது. சோலைக்குள்ளால் இறங்கி, பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகைக்குப் போகிறது. வைகைத் தண்ணீரை மதுரை குடிக்கிறது.

தொழிலாளர்களின் சுகத்தைப் பற்றிச் சொன்னால் மெய் சிலிர்க்கும். கம்பனி பல ஆய்வுகளைக் காட்டி, ஒரு தொழிலாளிக்கும் இந்த வேலையால் நோய் வரவில்லை என்று உறுதியாகச் சொல்லிவந்தது. ஒருவருக்கும்! லிப்டன் காலத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்குக்கூட முதுகு நோவு உண்டு, கால் வெடிப்பு உண்டு, அட்டைக்கடி உண்டு. பாதரசத்தைக் கூட்டி அள்ளிய ஆட்களுக்கு ஒன்றுமே இல்லை. அப்படியான காற்று கொடைக்கானலில் இருக்கிறதென்றால் எங்கள் தியத்தலாவை ஆஸ்பத்திரியை மூடிவிடலாம். 2011-ல் இந்தியத் தொழிலாளர் அமைச்சின் அறிக்கை, பலர் பாதரசத்தால் நோயுற்றதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று குறுக்கே பேசியது. அரசாங்கத்துக்கு எப்போதும் பொறாமை.

கம்பனியின் புண்ணியக் கணக்கில் முதலில் எழுத வேண்டியது 2003-ஆம் வருஷத்துக் காரியம். சுமார் 290 தொன் பாதரசக் கழிவைப் பொதிசெய்து, மலையிலிருந்து இறக்கி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றி, அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள பெத்லெஹெம் அப்பரேட்டஸ் என்ற பாதரசச் சுத்திகரிப்புக் கம்பனிக்கு அனுப்பினார்கள். வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு என்று ஊர் இரண்டு வருஷம் கத்தியதால்தான் அனுப்பினார்கள் என்பார்கள். யார் கத்தினால் என்ன, போய்ச் சேர்ந்ததே.

இதைப் படிக்கும்போது எங்கள் ஆட்களுக்கு வேறொரு கப்பல் ஞாபகம் வரும். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் எங்களைப் பங்குபோட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர், மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து போனார்கள். ஊவாவில் பிறந்து ஊவாவைத் தவிர ஒன்றும் தெரியாதவர்கள். நீலகிரிக்குப் போனார்கள், கொடைக்கானல் மலைக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்கு யார் காத்துக்கொண்டிருந்தார்கள், என்ன வேலை கிடைத்தது, எந்தக் குளிரில் எந்தக் கொட்டிலில் கிடந்தார்கள் என்பதை இங்கிருந்த சொந்தங்களுக்கு நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் சொல்லின. அதே மலையிலிருந்து போன பாதரசக் கழிவுக்கோ எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரியும். பத்திரமாகப் பொதிந்து, பட்டியல் எழுதி, கையொப்பம் வாங்கி, பிரித்து நல்லபடி பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் அக்கரையில் காத்திருந்தார்கள். திருப்பி அனுப்புவதென்றால் எப்படி அனுப்ப வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரு தனியார் கம்பனி செய்து காட்டியது. கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் குப்பையாக இருந்திருந்தால் பிழைத்திருப்போம்.

கழிவு போனாலும் மண் நின்றது. மண்ணைச் சுத்தம் செய்வது கஷ்டமான வேலை. தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, பாதரசம் ஒட்டியிருக்கும் நுண்ணிய மண்ணைப் பிரித்து, அதைச் சூட்டில் வைத்து ஆவியாக்கி, ஆவியைக் குளிர வைத்துப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், காசு வேண்டும். இதைவிட அருமையான வழி ஒன்று உண்டு. எவ்வளவு பாதரசம் இருந்தால் சுத்தம் என்று சொல்லலாம் என்பதைத் தீர்மானிக்கிற வழி. அங்கே ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று வந்தது. நாக்பூரின் நீரி என்ற சுற்றாடல் பொறியியல் நிறுவனத்தின் சிபாரிசும் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதமும் அதற்கு உண்டு.

20 மில்லிகிராம் என்றால் கண்ணுக்கே தெரியாதே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. காய்ச்சல் பார்க்கும் ஒரு தெர்மோமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருக்கும். ஒரு தொன் மண்ணில் 20 கிராம் என்றால், இருபது தெர்மோமீட்டரை உடைத்து ஊற்றிப் பிசைந்த மண். ஐந்து தொன் ஏற்றும் ஒரு லொறிக்கு நூறு தெர்மோமீட்டர். அந்த லொறி மண்ணில் கொத்தமல்லி போடலாம், கரட் போடலாம், பிள்ளைகளை விளையாட விடலாம், அது சுத்தமான மண். இயற்கையாகச் சாதாரண மண்ணில் இருக்கும் பாதரசம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பங்குதான். பிரித்தானியாவில் குடியிருப்பு மண்ணில் உலோகப் பாதரசத்துக்கு ஒரு மில்லிகிராம்தான் வழிகாட்டி அளவு என்று கொடைக்கானல்காரர்கள் எடுத்துக் காட்டினார்கள். யுனிலீவரின் தலைமை வீடு லண்டனில்தான் இருக்கிறது. லண்டன் பிள்ளைகள் நோஞ்சான்கள், ஒரு மில்லிகிராமுக்கே வாடிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளை இருபது தாங்கும் என்று கண்டுபிடித்து ஒப்புக்கொண்டதைப் போல ஒரு கௌரவத்தை எந்த வெள்ளைக்காரக் கம்பனியும் நமக்குத் தந்ததில்லை.

இதைவிடக் கண்டிப்பாகச் சுத்தம் செய்தால் என்ன என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் என் மனத்தைத் தொட்டது. அதிகமாகத் தோண்டினால் மரங்களை வெட்ட வேண்டிவரும், சரிவில் மண் அரித்துக்கொண்டு போகும், சோலை பாதிக்கும். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த எங்களுக்கு மண்சரிவு என்றாலே நெஞ்சு அடைக்கும். அந்தக் கவலை ஒரு கம்பனிக்கு வந்ததே! தொழிற்சாலை ஓடிய காலத்தில் பாதரச ஆவி அதே மரங்களின்மேல் படிந்தபோது வராத கவலைதான். பாசம் பிந்தித்தான் வரும், பெற்ற தகப்பனுக்கே அப்படி.

நிதானத்திலும் கம்பனியை மிஞ்ச ஆளில்லை. தொழிற்சாலை மூடிப் பதினாலு வருஷம் கழித்து, 2015-இல், சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் ‘கொடைக்கானல் வோண்ட்’ என்று ஒரு ராப் பாட்டுப் பாடினார். நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் மெட்டு. அந்தப் பாடகியே அதைத் தன் டுவிட்டரில் பகிர, உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அப்போதும் தொழிற்சாலை மண் பெரும்பாலும் கழுவப்படாமல்தான் கிடந்தது. அடுத்த மார்ச்சில், 2016-இல், சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. 591 பழைய தொழிலாளர்களுக்கு மனிதாபிமானக் கருணைத் தொகை. நட்டஈடு என்ற பேச்சே கிடையாது. ஒருவருக்கும் நோயில்லை என்று பதினைந்து வருஷம் சொல்லிவிட்டு, நோயில்லாத 591 பேருக்குப் பணம் கொடுப்பதற்கு எப்பேர்ப்பட்ட இளகிய மனம் வேண்டும். தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவும் இல்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது.

இந்தியாவில் இப்படியான பொறுமைசாலிகள் இன்னும் உண்டு. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு வந்தது. அந்த யூனியன் கார்பைட் வளாகத்தில் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவு வெளியே போனது 2025 ஜனவரியில். நாற்பது வருஷம். அன்று பிறந்த பிள்ளை பேரன் பேத்தி காணும் வயசுக்கு வந்த பிறகு குப்பை அள்ள ஆள் வந்தது.

எங்கள் நாட்டிலும் ஆற்றல் இல்லாமல் இல்லை. சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராக ஜனங்கள் பௌசர் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எண்ணெய் இருக்கிறது என்று ஒரு நிபுணர் குழு, இல்லை என்று இன்னொரு நிபுணர் குழு. வாளியில் மிதந்த எண்ணெய்க்கு மட்டும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மாசு செய்தவனே கட்ட வேண்டும் என்று அந்த மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் கம்பனியை இரண்டு கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 500 பேருக்கு மேற்படாமல், ஆளுக்கு 40,000 ரூபாய் வரை. யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கிணற்றுக்கு விலை தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

இனி என் விண்ணப்பம். ஊவாவில் மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோர்கள் பல. தகரம் கழன்று, போறணை துருப்பிடித்து, உள்ளே மாடு படுத்திருக்கும். பக்கத்தில் மருந்து ரூம் இருக்கும். புல்லுக்கு அடித்த மருந்தும் கொழுந்துக்கு அடித்த மருந்தும் வருஷக்கணக்காகக் கலக்கி ஊற்றிய சிமெந்துத் தரை அது. வெடிப்பில் புல்கூட முளைக்காது. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015-இல் தடைசெய்தார்கள், 2018-இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் மறுபடி விட்டார்கள். எது நஞ்சு என்று கெசட்டைப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் மருந்தடிக்கிற பெடியன்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிம்மதியாக அடித்தார்கள். அந்தத் தரையின் சாய்வு கானுக்கு. கான் ஓடைக்கு. ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பீலியில்தான் கீழ்லயத்துப் பெண்கள் குடம் வைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். இந்த மண்ணையும் தண்ணீரையும் இதுவரை யாரும் அளந்ததாக லயத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. தோட்டம் கைமாறும்போதெல்லாம் வரும் புதுத் துரை தேயிலைச் செடியை எண்ணுகிறார், ஆளை எண்ணுகிறார், மருந்து ரூமைப் பூட்டிவிட்டுப் போகிறார்.

ஆகவே கம்பனியிடம் பழைய லிப்டன் உறவைச் சொல்லிக் கேட்கிறோம். மண்ணைக் கழுவுகிற இஞ்சினியர் எங்களுக்கு வேண்டாம், அவருக்குச் செலவு அதிகம். எவ்வளவு நஞ்சு இருந்தால் சுத்தம் என்று எண் சொல்லுகிற அந்த மனிதரை மட்டும் ஒரு வாரத்துக்கு அனுப்பித் தரவும். அவர் வந்து ஒரு நல்ல எண்ணாகச் சொல்லிவிட்டுப் போனால், ஊவா மாகாணம் முழுவதும் ஒரு மண்வெட்டியும் தூக்காமல் ஒரே நாளில் சுத்தமாகிவிடும். அப்புத்தளை ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்புகிறோம். லிப்டன் சீட்டில் துரை பக்கத்திலேயே உட்கார இடம் இருக்கிறது. தேத்தண்ணி எங்கள் செலவு. எந்தப் பீலித் தண்ணீரில் போடுவது என்பதை மட்டும் அவரே அளந்து பார்த்துச் சொல்லட்டும்.